கடைசி வருஷத்தில் களத்துக்கு வந்தவர்கள்

எங்கள் ஊர் பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. நைனா ரயில்வேயில் கேங்மேன். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதால், இந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் வீடுகளிலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தோளில் சம்மட்டியும் கையில் சிவப்புக் கொடியுமாக அவர் நடந்த பாதையில் வரிசையாக மின்கம்பங்கள் நட்டார்கள். 1979-ல் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. ஊரே போய் நின்று பார்த்தது. அந்த ரயில் வராமல் இருந்திருந்தால் நான் கல்லூரிக்குப் போயிருக்க முடியாது.

இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றேன். ஏழாம் வகுப்பிலேயே கண்ணில் பட்டு, விளையாட்டு விடுதியில் சேர்ந்து, பதக்கம் வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறு பிள்ளைகளைப் பற்றி. பதினாறு, பதினேழு வயதில் முதல் முறை பந்தைத் தொட்டு, எந்தப் பயிற்சியாளரின் பட்டியலிலும் பெயர் இல்லாமல், கல்லூரி அணியில் ஓர் இடம் கேட்டு வாசலில் போய் நின்றவர்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது 1978-ல். அந்த முதல் செட்டில் நான் பொன்னேரிக்குப் படிக்கப் போனேன். அங்கேதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நெட் கட்டிய ஒரு வாலிபால் கோர்ட்டைப் பார்த்தேன். செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, ஒரு பக்கம் சாய்ந்த இரும்புக் கம்பம். பத்தாம் வகுப்பில் ஐந்தேகால் அடி இருந்தவன், பிளஸ் ஒன் முடிவதற்குள் ஆறடியைத் தொட்டேன். பி.டி. சார் ஒரு நாள் கூப்பிட்டு, விரல் நுனிகளில் சாக்பீஸ் தூளைத் தடவினார். சுவரோரமாக நிற்க வைத்து, கையை உயர்த்தி ஓர் அடையாளம் வைக்கச் சொன்னார். "இப்ப எகிறுடா." எகிறினேன். இரண்டு வெள்ளை அடையாளங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை முழக்கோலால் அளந்துவிட்டு, "எங்கடா இருந்த இத்தனை நாளா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வயலிலும் தண்டவாள ஓரத்திலும் இருந்தேன்.

அந்தச் சாக்பீஸ் சோதனையை எங்கள் சார் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் கற்றுக்கொண்டார். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான், நாட்டுக்கே உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிக் கொடுத்த முதல் இடம். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அதே பக்தான். வில்லியம் மார்கன் 1895-ல் அமெரிக்காவில் உருவாக்கிய வாலிபால், ஒய்.எம்.சி.ஏ. போன இடமெல்லாம் போனது. 1916-ல் கொழும்பு ஒய்.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்குப் போய், 1991-ல் அந்த நாட்டின் தேசிய விளையாட்டாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அது கிராமத்துக் கோயில் திடல் வரைக்கும் வந்து சேர்ந்ததற்கு நந்தனத்தில் படித்து ஊர் ஊராக வேலைக்குப் போன ஆசிரியர்களே பெரிய காரணம் என்பது என் எண்ணம். இரண்டு கம்பமும் ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். ஷூ கூட வேண்டாம். ஏழை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கபடி ஒன்றுதான்.

எங்கள் சார் பாடம் போலச் சொல்லுவார்: அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதை வாங்கியவர் நம்ம ஏ. பழனிசாமி, மறு வருஷம் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா வெள்ளி வாங்கியது. அதைக் கேட்டுவிட்டு நாங்கள் செம்மண்ணில் விழுந்து விழுந்து பந்தெடுப்போம்.

1980 ஜூனில் என் கையில் இருந்தவை பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் சாரின் ஒரு கடிதமும் மட்டும். குறுவட்டப் போட்டியில் ஆடியிருந்தேன், மாவட்ட அளவுக்குக்கூட எங்கள் அணி போகவில்லை. வடசென்னையில் ஒரு கல்லூரியில் 'செலக்‌ஷன்' என்று கேள்விப்பட்டு, முதல் ரயிலைப் பிடித்தேன். கொருக்குப்பேட்டையில் இறங்கி நடை. கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. "நெட்டுக்குப் போ" என்றார். அன்றைக்கு ஆட்டம் பதினைந்து பாயிண்ட். நாம் சர்வீஸ் போட்டு ஜெயித்தால்தான் பாயிண்ட் கணக்கு. அதனால் ஒரு செட் முடிய வெகுநேரம் ஆகும். வெயிலில் இரண்டு மணி நேரம் பிளாக்கில் எகிற வைத்தார். என் அடி வெளியேதான் போனது. ஆனால் எதிரே அடித்தவர்களின் பந்து என் கையில் மோதித் திரும்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் பெயர்ப் பட்டியலில் பன்னிரண்டாவது ஆளாக என்னை எழுதிக்கொண்டார். பி.ஏ. வரலாறு. கட்டணம் பாதி. சீசன் டிக்கெட்டுக்கு நைனா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். முதல் வருஷம் நெட் கட்டினேன், பந்துக்குக் காற்றடித்தேன், தினமும் முதலாளாகப் போய்க் கோடு போட்டேன். இரண்டாம் வருஷம் உள்ளே நின்றேன்.

என்னைப் போல் தாமதமாக வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. அது தொழிற்சாலை. இந்த வட்டாரத்தின் விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கியது, ஆவடியில் டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல். இவையும் தெற்கு ரயில்வேயும் மின்வாரியமும் வங்கிகளும் காவல் துறையும் தங்களுக்கென்று அணிகள் வைத்திருந்தன. அணி வேண்டுமென்றால் ஆள் வேண்டும். ஆள் தேடி அவர்கள் ஊர்ப் பக்கம் வருவார்கள். பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் மின்னொளிப் போட்டி நடக்கும். நெல் அறுத்த வயலை மண் போட்டு இறுக்கி, டியூப் லைட் கட்டி, விடிய விடிய ஆட்டம். வேலையில் இருக்கும் ஆட்டக்காரர்கள் விருந்தாளியாக வந்து ஆடுவார்கள். ஆட்டத்துக்கு நடுவில் ஓரமாக நின்று, "அந்த மூணாம் நம்பர் யார் வீட்டுப் பையன்?" என்று ஒருவர் கேட்டால், அந்தப் பையனுக்கு விடிந்துவிட்டது என்று அர்த்தம். வயது என்ன, எந்த வகுப்பில் ஆட ஆரம்பித்தாய் என்றெல்லாம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கண்ணால் பார்த்தார்கள், கூப்பிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தபோது நாங்கள் இன்னும் பத்து அணி வரும் என்று நம்பினோம். வந்தவை ரோலிங் மில்கள், உருக்காலைகள், வார்ப்பாலைகள். வேலை வந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தாராளமயம் வந்த 1991-க்குப் பிறகு வந்த வேலை பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலை. மேஸ்திரி ஆள் எடுப்பார், மேஸ்திரியே அனுப்பிவிடுவார். நிரந்தரத் தொழிலாளி இல்லாத இடத்தில் தொழிலாளர் அணி எங்கே இருக்கும்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்னால் வலை கட்டி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் அபாரமாக ஆடுவார்கள். அவர்களை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதியதில்லை.

தொழிற்சாலையின் கண் போன பிறகு சான்றிதழின் காலம் வந்தது. இந்திய பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954-லிருந்தே இருக்கிறது. ஆனால் அது தரும் காகிதத்துக்கு இவ்வளவு விலை ஏறியது பிற்பாடு. 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்து, 1997-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கிய பிறகு, விளையாட்டு ஒதுக்கீடு என்பது ஒவ்வொரு வீட்டிலும் பேசப்படும் வார்த்தை ஆனது. பொறியியலில் 500 இடம். அதற்குப் படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடியவருக்கு முதல் படிவம், மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாம் படிவம், தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவருக்கு நான்காம் படிவம். மதிப்பெண் தருவது சான்றிதழுக்குத்தான், ஆட்டத்துக்கு இல்லை. முறைகேட்டைத் தடுக்க அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளஸ் ஒன்னில் பந்தைத் தொட்ட பிள்ளைக்கு, குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறித் தேசியப் போட்டிக்குப் போக ஒரே ஒரு வருஷம்தான் மிச்சம். 1992-ல் உருவான விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் ஏழாம் வகுப்பிலிருந்தே ஆள் எடுக்கத் தொடங்குகின்றன. பன்னிரண்டு வயதில் கண்ணில் படாதவன் இந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டான்.

நடுவில் எங்களுக்கு இரண்டு நல்ல காரியம் நடந்தது. ஒன்று, 1997-ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூரைத் தனி மாவட்டமாக்கியது. அதுவரை மாவட்டத் தேர்வு என்றால் எங்கள் பிள்ளைகள் சென்னையைக் கடந்து தெற்கே போக வேண்டும். தாம்பரம், காஞ்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளோடு மோதி வெளியே வந்துவிடுவோம். மாவட்டம் பிரிந்ததும் எங்களுக்கென்று ஓர் அணி, அதில் பன்னிரண்டு இடம். நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினையால் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பிள்ளைகள் மாநிலப் போட்டி வரை போனார்கள். மாவட்டம் பிரித்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. எனக்கு அந்த உத்தரவில் பெரிதாகத் தெரிந்தது இதுதான்.

இன்னொன்று, 1998-ல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் கொண்டுவந்த லிபெரோ விதி. வேறு நிறத்துச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் நிற்கும் ஆட்டக்காரர். அவர் அடிக்கக் கூடாது, பிளாக் போடக் கூடாது. வருகிற பந்தை எடுத்துக் கொடுப்பதே வேலை. ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர். ஐந்தரை அடிப் பையனுக்கு அதுவரை அந்த வலை ஒரு மதில் சுவர். லிபெரோ வந்த பிறகு அவனுக்கும் அணியில் ஓர் இடம் உண்டானது. அதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

2016-ல் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையன் பிளஸ் ஒன் சேர்ந்தான். அப்பா சிப்காட்டில் ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட். வழக்கம்போல ஜூன் மாதம் எல்லாரையும் சுவரோரம் நிறுத்திச் சாக்பீஸ் தூள் தடவி எகிற வைத்தேன். அவன் அடையாளம் மற்றவர்களுடையதற்கு வெகு கீழே நின்றது. போகச் சொல்லிவிட்டேன். அவனும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். ஆறு மாதம் கழித்து, எங்கள் ஆட்டத்தில் ஒரு பந்து பிளாக்கில் பட்டுச் சிதறி மைதானத்து எல்லையைத் தாண்டிப் போனது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து, முழு நீளமாகப் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே ஒற்றைக் கையால் அதைத் தட்டி எழுப்பினான். பந்து நேராக, அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் எங்கள் செட்டரின் தலைக்கு மேல் வந்து நின்றது. எழுந்து முழங்காலில் ஒட்டிய கல்லைத் தட்டிவிட்டு அவன் திரும்பப் போகப் பார்த்தான்.

"தம்பி, நில்லு. இதுக்கு முன்னாடி இந்தப் பந்தைத் தொட்டிருக்கியா?"

"இல்ல சார். ஸ்லிப்ல நிப்பேன்."

நான் நாற்பது வருஷமாக நம்பிய சுவர் அவனைத் தள்ளிவிட்டிருந்தது. எகிறுகிறவனை அளக்க எனக்குத் தெரிந்திருந்தது, விழுகிறவனை அளக்கத் தெரிந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். நாற்காலி மேல் நின்று நான் அடிப்பேன், அவன் எடுப்பான். முதல் மாதம் இரண்டு முன்கையிலும் இரத்தம் கட்டிக் கருநீலமாக இருக்கும். அவன் அம்மா தேங்காய் எண்ணெயைக் காய்ச்சித் தடவி அனுப்புவார். பிளஸ் டூ முடிக்கும்போது அவனிடம் மாவட்ட அளவுச் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது.

பரீட்சை முடிந்ததும் அப்பா வந்து, "மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிட்டேன் சார். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாரு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கல்லூரி ஆசைக்கு எதிரே மறுநாளே கையில் வரும் கூலி நிற்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் அதுதான் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் கைப்பேசித் தொழிற்சாலைகளின் பஸ் ஊருக்குள் வந்த வருஷங்களில், பிளஸ் டூ முடித்த என் அணிப் பெண்கள் ஒவ்வொருவராக அந்த பஸ்ஸில் ஏறினார்கள். திரும்ப மைதானத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அந்த அப்பாவிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பிறகு சரி என்றார்.

இரண்டு கல்லூரிகளில் சான்றிதழைப் பார்த்ததுமே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பையன் கோர்ட்டில் கால் வைக்கவே இல்லை. மூன்றாவது கல்லூரியில் பிசிக்கல் டைரக்டர் ஒரு பெண்மணி. தன் அணியின் மூன்று சர்வீஸ்காரர்களை நிறுத்தி, ஆளுக்குப் பத்து சர்வீஸ் இவன் மேல் போடச் சொன்னார். முப்பதில் இருபத்து நான்கு பந்து செட்டரின் கைக்கே போனது. நான் ஓரமாக எண்ணிக்கொண்டு நின்றேன். பி.காம். இடம், கட்டணம் இல்லை. பிறகு தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போய், பள்ளியில் கிடைக்காத படிவத்தைக் கல்லூரியில் வாங்கினான். இப்போது அவனும் உடற்கல்வி ஆசிரியர்தான்.

தாமதமாக வந்த கையைப் பார்த்து எடுப்பதை அமெரிக்காக்காரர்கள் ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே வந்து செய்து காட்டினார்கள். 2008-ல் இந்தியாவில் ஒரு பந்தெறியும் போட்டி நடத்தி, உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இருவரை, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று பெயர், பேஸ்பால் ஆடக் கூட்டிப் போனார்கள். அதற்கு முன் அவர்கள் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. அதே வருஷம் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. பெரிய லீக்கில் அவர்கள் ஆடவில்லை. அது எனக்கு முக்கியமும் இல்லை. கையை அளந்தார்கள், காகிதத்தைக் கேட்கவில்லை. அங்கே கல்லூரிகளிலும் யாரும் அழைக்காத மாணவன் நேரே போய்த் தேர்வில் நின்று, உதவித்தொகை இல்லாமலே அணியில் சேர வழி இருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார். 1980-ல் கொருக்குப்பேட்டையில் எனக்கு நடந்ததும் அதுதானே.

எனவே மூன்று பேரிடம் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிகளின் பிசிக்கல் டைரக்டர்களே, மே மாதத்தில் ஒரே ஒரு நாள், சான்றிதழ் இல்லாதவனும் வந்து ஆடிக்காட்டலாம் என்று தேதி போட்டு அறிவியுங்கள். கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளுக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள். பெற்றோரே, மேஸ்திரியிடம் சொல்வதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். கல்லூரி அணியில் சேர்ந்தால் பல்கலைக்கழகப் படிவம் வாங்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. என் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளே, ஜூன் மாதம் பிளஸ் ஒன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தும்போது எகிற வைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பந்தைத் தூர எறிந்து, எவன் விழுந்து எடுக்கிறான் என்றும் பாருங்கள்.